நூபுர கங்கைக்குக் கேனோடு வரும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அழகர்மலையின் நூபுர கங்கை ஊற்றுக்குத் தண்ணீர் பிடிக்க வரும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். மதுரை புதூர்க்காரன். அறிவுரை சொல்லக் கிளம்பிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் என் வண்டவாளத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் ஆம்னி வேனை இரவல் வாங்கி, 20 லிட்டர் கேன் எட்டை அதில் அடுக்கிக்கொண்டு மலையேறினேன். எங்கள் வீட்டுக்கு நான்கு, மாமனார் வீட்டுக்கு இரண்டு, மாடியில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு என்று கணக்கு. கோடை முழுக்கக் காய்ந்திருந்த மலை. தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கேன் நிரம்புவதற்குள் செல்போனில் வந்திருந்த மெசேஜ் எல்லாவற்றையும் படித்து, பாதிக்குப் பதிலும் போட்டுவிட்டேன். ஐந்தாவது கேனை வைத்தபோது பின்னால் ஒரு குரல்.

“ஏய்யா, இன்னும் எத்தன இருக்கு?”

திரும்பிப் பார்த்தால் ஓர் ஆத்தா. கையில் சின்ன எவர்சில்வர் தூக்குவாளி. பக்கத்தில் புதிதாக மொட்டை போட்டு, சந்தனம் பூசிய ஒரு சின்னப் பெண்பிள்ளை.

“முடிஞ்சிருச்சு ஆத்தா, இன்னும் மூணுதான்.”

“எனக்கு இந்தத் தூக்குதான்யா. பேத்தி தலையில கொஞ்சம் ஊத்தணும், வாயில கொஞ்சம் விடணும். கீழ பஸ்ஸப் புடிக்கணும்.”

“இந்தா ஆத்தா, இது நெறஞ்சதும் விடுறேன்.”

அப்படித்தான் சொன்னேன். கேனை நகர்த்தி அவரை முதலில் பிடிக்கவிட எனக்குத் தோன்றவில்லை. பாதி நிரம்பிய கேனை எடுத்தால் கணக்கு தப்பிவிடும் என்பதுபோல நின்றேன். ஐந்தாவது நிரம்பியது, விலகினேன். ஆத்தா தூக்கைப் பிடித்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பற்றிப் படியிறங்கப் போனவர், வேனின் பின்கதவு திறந்திருந்ததைப் பார்த்தார். வரிசையாக இருந்த கேன்களைப் பார்த்தார்.

“வீட்டுல கல்யாணமாய்யா?”

கிண்டலே இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“இல்ல ஆத்தா. குடிக்கத்தான்.”

“இம்புட்டுமா?”

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் மீதி மூன்று கேனை நிரப்பாமல் கிளம்பிவிட்டேன். மாமனார் வீட்டில் ஏன் ஒன்றுதான் வந்தது என்று கேட்டபோது தண்ணீர் வரவில்லை என்று பொய்யும் சொன்னேன். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த மலைக்கு வருகிறேன். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி தாண்டி, கள்ளந்திரியில் பெரியாறு கால்வாய் ஓரம் வண்டியை நிறுத்தி முகம் கழுவுவோம். கால்வாயில் தண்ணீர் போனால் பையன்கள் மேலிருந்து குதித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் குதிக்க அனுமதி கிடையாது. அப்புறம் கோட்டைச் சுவர் தெரிய ஆரம்பிக்கும். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டு, அழகரைப் பார்த்துவிட்டு, மலைப்பாதையில் நடை. பழமுதிர்சோலையில் முருகன். அங்கே நாவல்மரத்தைக் காட்டி, “சுட்ட பழமா, சுடாத பழமா?” என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல யோசிப்பேன். அதற்கும் மேலே போனால் ராக்காயி அம்மன், நூபுர கங்கை.

அப்பா கொண்டுவருவது ஒரு பித்தளைச் சொம்பு. வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு வீடு வந்து சேர்வார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருக்கும். மீதி பூஜை அலமாரிக்குப் போகும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு ஸ்பூன், ஊருக்குக் கிளம்புகிறவர் தலையில் ஒரு துளி, கடைசி மூச்சில் கிடந்த எங்கள் அப்பத்தாவின் வாயில் ஒரு மடக்கு. அதற்குமேல் யாரும் அதைக் கேட்டதில்லை. தாகத்துக்கு வீட்டில் குழாய் இருந்தது, தெருமுனையில் அடிபம்பு இருந்தது.

தீர்த்தம் எப்போது கேன் தண்ணீர் ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். போர் போட்டுப் போட்டு எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. கேன் தண்ணீர் வாங்கினோம். அதில் ருசியே இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். அப்போது யாரோ “மலைத்தண்ணி குடிச்சுப் பாருங்க” என்றார்கள். குடித்தோம், இனித்தது. அதன் பிறகு சொம்பு பரணுக்குப் போனது, கேன் வந்தது. உங்கள் வீட்டிலும் கதை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். ஆகவே இதில் பேராசை என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஆசைப்படுவது எப்படித் தப்பாகும்?

ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கலாம் இல்லையா?

திருமால் உலகளந்தபோது மேலே போன திருவடியைப் பிரம்மன் நீர்வார்த்துக் கழுவினார், காலிலிருந்த சிலம்பில் பட்டுத் தெறித்து விழுந்ததுதான் இந்தத் தீர்த்தம் என்பது தலபுராணம். நூபுரம் என்றால் சிலம்பு. அதனால் சிலம்பாறு என்றும் பெயர். பெயர் நேற்று வைத்ததில்லை. இந்தக் குன்றைப் பாடும் பரிபாடலிலேயே சிலம்பாறு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழிகேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். அதில் ஒரு வழி இந்தத் திருமால்குன்றத்தின் வழியே போகிறது. இங்கே ஒரு பிலம், அதாவது குகை உண்டு, அதற்குள் மூன்று பொய்கைகள் உண்டு, புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று பெயர் சொல்லி, எதில் குளித்தால் என்ன கிடைக்கும் என்றும் விவரிக்கிறான். ஒன்றில் மூழ்கினால் இந்திரனின் இலக்கண நூலே கைவசமாகும், ஒன்றில் முற்பிறப்பு தெரியும், ஒன்றில் நினைத்தது கைகூடும். கூட வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் இதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுகிறார். நாமாக இருந்தால் மூன்றாவதில் கேனை முக்கியிருப்போம்.

அழகரின் உற்சவர் மேனி அபரஞ்சித் தங்கம் என்பது ஐதீகம். இந்தத் தண்ணீர் தவிர வேறு தண்ணீரில் திருமஞ்சனம் செய்தால் அந்த மேனி கறுத்துவிடும் என்பார்கள். அதனால் அவருக்கு மலையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. ஐப்பசி வளர்பிறை துவாதசியில் அவரே மேலேறி வந்து, தைலக்காப்புச் சாற்றிக்கொண்டு, இந்தத் தீர்த்தத்தில் நீராடிவிட்டுத் திரும்புகிறார். கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் அந்தத் தடித்த தோசை, நெய்யில் வெந்து ஓரம் முறுகி, மிளகும் சுக்கும் நாக்கில் ஏறுமே, அதன் ருசிக்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள். நெய்யும் ஒரு காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

சரி, புராணம் போதும். மலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தமிழில் இதற்கென்றே எத்தனை சொற்கள் பாருங்கள். கசிந்து வந்தால் ஊற்று. பாறைக் குழியில் தங்கி நின்றால் சுனை. மேலிருந்து விழுந்தால் அருவி. தாய்க்குப் பால் சுரப்பதற்கும் நிலத்தில் நீர் சுரப்பதற்கும் ஒரே வினைச்சொல். மதுரைக்காரர்களுக்கு ஊற்று என்றால் இன்னொரு நினைவும் வரும்: வற்றிக் கிடக்கும் வைகை மணலைக் கையால் தோண்டி, குழியில் கலங்கலாக ஊறும் தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவது. சிரட்டையை அவசரமாக விட்டால் மணல் சரிந்து கலங்கிவிடும். ஊறும் வேகத்துக்குத்தான் மொள்ள முடியும். அது தெரியாத பெண்கள் அந்தக் காலத்து மதுரையில் கிடையாது.

மலை ஊற்றும் அதே கணக்குதான், குழி மட்டும் பெரியது. மேலே பெய்கிற மழை, சருகிலும் வேர்மண்ணிலும் சிக்கி, மெதுவாகக் கீழே இறங்கி, பாறை விரிசல்களுக்குள் போய்ச் சேர்கிறது. இறங்க வழியில்லாத கெட்டிப் பாறை குறுக்கிடும் இடத்தில், எங்கே வாய் கிடைக்கிறதோ அங்கே வெளியே வருகிறது. இன்று பெய்தது நாளையே வராது. நான் ஆடியில் பிடித்த தண்ணீர் அதற்கு முந்தைய ஐப்பசி மழையாக இருக்கலாம், அதற்கும் முந்தின மழையாகவும் இருக்கலாம். நமக்கு வருகிற மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மூன்று மாதத்தில் மலை எவ்வளவு குடித்ததோ, அதைத்தான் மற்ற மாதங்களில் நமக்குக் கொடுக்கிறது.

இங்கே நீங்கள் ஒன்று கேட்பீர்கள், நானே கேட்டிருக்கிறேன். “எப்படியும் ஓடி வீணாகிற தண்ணிதானே, பிடிச்சா என்ன?” நியாயமான கேள்வி. மார்கழியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது நான்கு கேன் பிடிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஊற்று தொட்டியில்லை; நாம் பிடிப்பதால் உள்ளே குறைந்துவிடாது. ஆனால் வீணாகிறது என்ற சொல்லில்தான் தகராறு. நம் கேனுக்குள் போகாத தண்ணீர் பாறை வழியாக இறங்கி ஓடையாகிறது. மரம் குடிக்கிறது, குரங்கு குடிக்கிறது, பெயர் தெரியாத பூச்சியெல்லாம் குடிக்கிறது. கோடையில் அந்தப் பக்கம் வேறு தண்ணீரே இருக்காது. கூடவே, சித்திரையிலும் ஆடியிலும் விரல் கனத்துக்கு விழும்போது, பிடிக்கிற ஒவ்வொரு கேனும் பின்னால் நிற்கிற ஒருவருடைய நேரம். ஆத்தாவுக்குப் பஸ் இருந்தது.

கணக்கு வேண்டுமென்றால் வாளியும் வாட்சும் போதும். உதாரணத்துக்கு, 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். என் எட்டு கேனுக்கு, நகர்த்துகிற நேரத்தையெல்லாம் விட்டுவிட்டால்கூட, பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய ஆகும். அதே நேரத்தில் ஒரு லிட்டர் சொம்போடு வந்த நூற்றறுபது பேர் வாங்கிப் போயிருக்கலாம். தண்ணீர் அதில் பாதியானால் நேரம் இரண்டு மடங்கு. நான் வேனில் ஏற்ற வந்தது நூற்றறுபது சொம்பு என்று வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தபிறகுதான் ஆத்தா ஏன் கல்யாணமா என்று கேட்டார் என்று புரிந்தது.

இந்தக் கணக்கு எல்லாம் ஊற்றின் வாயைப் பற்றியது. வாயைவிட முக்கியம், அதற்குத் தண்ணீர் ஊட்டும் மேட்டுநிலம். சிக்கிமில் கிராமத்து மக்களில் பெரும்பாலானோர் ஊற்றுநீரை நம்பித்தான் இருக்கிறார்கள். அங்கே ஊற்றுகள் வற்ற ஆரம்பித்ததும், மாநில அரசு 2008ல் தாரா விகாஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஊற்றின் வாயில் ஒன்றும் செய்யவில்லை. எந்தச் சரிவில் பெய்யும் மழை எந்த ஊற்றுக்கு வருகிறது என்று பாறையின் போக்கைப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தச் சரிவில் குறுக்குக் குறுக்காகப் பள்ளம் வெட்டினார்கள். ஓடிவிடுகிற மழை நின்று உள்ளே இறங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்து ஆட்கள்தான் வெட்டினார்கள். வற்றிக்கொண்டிருந்த ஊற்றுகள் பல மறுபடி ஊற ஆரம்பித்தன. இமயமலைப் பகுதியில் ஏறக்குறைய பாதி ஊற்றுகள் வற்றியோ குறைந்தோ வருவதாக நிதி ஆயோக் 2018ல் சொன்ன பிறகு மற்ற மாநிலங்களும் இதைப் பார்க்க ஆரம்பித்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் தண்ணீர் விழும் இடத்தில் செருப்பைக் கழற்றி விடுகிறார்கள். பயபக்தியாகக் கையேந்துகிறார்கள். நல்லது. ஆனால் மேலே ஏறி வரும்போதே மலைப்பாதை ஓரம் சாப்பிட்ட தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் வீசிவிட்டுத்தான் வருகிறார்கள். நாம் குப்பை போட்டுவிட்டு வருகிற அந்தச் சரிவும் மலைதான். அங்கே விழுகிற மழையும் யாரோ ஒருவர் ஓடையிலோ கிணற்றிலோ குடிக்கிற தண்ணீராகப் போகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தண்ணீர் பாக்கெட்டும் அதில் அடக்கம். தடை ஒரு பக்கம் இருக்கட்டும். ஊற்றுத் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் தண்ணீர் பாட்டில் வாங்குகிற கூத்தை நினைத்துப் பாருங்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய்த் தலையோடு குளிப்பது, தோஷம் கழிகிறது என்று உடுத்தியிருந்த துணியை அப்படியே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவது. இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது. தோஷம் துணியோடு போகும் என்றால், அது அங்கே விழுந்து அடுத்தவர் காலில்தானே சுற்றும்? வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே கழித்துக்கொள்ளுங்கள்.

குரங்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கெடுத்தது நாம்தான். பிஸ்கெட் பாக்கெட்டையும் பழத்தையும் நீட்டி நீட்டிப் பழக்கி, அவை காட்டுக்குள் போவதை விட்டுவிட்டு மனிதர் கூடுகிற இடத்திலேயே குடியிருக்கின்றன. கூட்டமாகக் குடியிருந்தால் அங்கேயேதான் எச்சமிடும். மழை பெய்தால் அது எங்கே போகும்? இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. ஊற்றுத் தண்ணீர் என்பதாலேயே அது சுத்தம் என்று ஆகிவிடாது. மண்ணும் பாறையும் நன்றாக வடிகட்டும், உண்மை. ஆனால் விரிசல் பெரிதாக இருக்கிற இடத்தில், அல்லது பெருமழை பெய்த மறுநாள், மேலே இருக்கிற அழுக்கு வடிகட்டப்படாமலே வந்து சேரும். எந்த ஊரின் எந்த ஊற்றுக்கும் இது பொருந்தும். கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது. இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 100 மில்லி எடுத்தால் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருக்கிறதா இல்லையா என்று நாக்கு சொல்லாது.

இதில் இரும்புச்சத்து இருக்கிறது, தாமிரச்சத்து இருக்கிறது, கிட்னிக் கல் கரையும், சர்க்கரை இறங்கும் என்றெல்லாம் வரிசையில் நிற்கும்போது பேசிக்கொள்கிறோம். என் பெரியப்பா இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தார். தண்ணீர் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. மாத்திரையை விட்டதுதான் செய்தது. தீர்த்தத்தை நம்புங்கள், மாத்திரையையும் போடுங்கள். அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தினமும் குடிப்பதற்கென்றே பிடிக்கிறவர்கள் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கைப்பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், வயதானவர்களுக்கும் இது கட்டாயம். “தீர்த்தத்தைக் காய்ச்சலாமா?” என்று என் மாமியார் கேட்டார். பூஜைக்கு ஒரு சொம்பு காய்ச்சாமல், குடிக்க மீதி காய்ச்சி என்று சமரசமானோம்.

அதைவிடப் பெரிய சங்கதி கேன். ஒரு நாள் டார்ச் அடித்து என் கேனுக்குள் பார்த்தேன். அடியில் பச்சை பச்சையாகப் பாசி. வாய் சின்னது, கை உள்ளே போகாது, மூன்று வருஷமாக வெறுமனே அலசி அலசி நிரப்பியிருக்கிறேன். மலை கொடுத்தது நல்ல தண்ணீராகவே இருந்தாலும், வீட்டில் நாங்கள் குடித்தது பாசித் தண்ணீர். இன்னும் சிலர் சமையல் எண்ணெய் வந்த கேனிலேயே பிடிக்கிறார்கள். வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்து ஊர் போகிறார்கள். அப்பாவின் பித்தளைச் சொம்பை அம்மா வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பார், உள்ளே கை போகும். செப்புப் பாத்திரத்தில் இராத்திரி முழுக்க வைத்த தண்ணீரில் கிருமிகள் குறைவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. அதற்காக அதைக் காய்ச்சுவதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம். நம் பாட்டிகள் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை என்பதற்குச் சொன்னேன்.

மலையையும் தீர்த்தத்தையும் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கண்ணிலும் இந்த மடல் படலாம். அவர்களிடம் மூன்றே வேண்டுகோள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொம்பு, தூக்கு, சின்ன பாட்டில் கொண்டுவருகிறவர்களுக்கென்று ஒரு குழாயை ஒதுக்குங்கள், கேன்காரர்கள் அதன் பக்கமே வரக் கூடாது. மாதம் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதித்து, தேதியோடு முடிவை ஒரு பலகையில் தமிழில் எழுதிவையுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கே பார்த்துக் கொடுக்கிறார்கள். பலகையிலேயே இன்னொரு வரி: வாரத்துக்கு ஒருநாள் வாளி வைத்து அளந்து, இந்த வாரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று. அந்த எண் குறையக் குறைய, கேன் கொண்டுவருகிறவன் கை தானாகத் தயங்கும். குறைந்தபட்சம் என் கை தயங்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட இதில் ஈடுபடுத்தலாம். கடையில் சின்னக் குப்பி ஒன்று கிடைக்கிறது, அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் பெற்றவர்களை விடமாட்டார்கள். என் மகள் கேனைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலை நான் கேட்டிருக்கிறேன்.

மேலூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அங்கே 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் இருப்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பகுதியையும் சேர்த்துச் சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டதாக 2024ல் செய்தி வந்ததும், ஊர் ஊராகக் கூடினீர்கள். 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் நீங்கள் மதுரைக்கு ஊர்வலமாக வந்த அன்று தல்லாகுளம் பக்கம் நான் பைக்கை ஓரங்கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான அம்மாக்கள் வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார்கள். அந்த மாதமே ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. சுனை போனால் ஊர் போய்விடும் என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அதனால்தான் அழகர்மலைப் பாதையில் உங்கள் பக்கத்து வேன் ஒன்றிலிருந்து காலி பாட்டில் பறந்துவந்து என் முன்சக்கரத்தில் விழுந்தபோது எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. எங்கள் பக்கத்து வேன்களில் இருந்தும் பறக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை.

சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும்போது, ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பித் துருத்தியால் அவர்மேல் பீய்ச்சுகிறோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, முன்பின் தெரியாதவனைக் கூப்பிட்டு மோர் கொடுக்கிறோம். அந்த நாட்களில் “எனக்கு எட்டு டம்ளர்” என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டம்ளர் குடிப்பார்கள், டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். மலைமேல் நிற்கும்போது மட்டும் ஏன் நமக்கு அந்தப் பழக்கம் மறந்துபோகிறது?

நான் இனிமேல் கேனே கொண்டுவர மாட்டேன் என்று சபதமெல்லாம் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் 5 லிட்டர் கேன் இரண்டு, கோடையில் சொம்பு மட்டும் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். மாமனாரிடம் உண்மையைச் சொல்லியாயிற்று. மாடி வீட்டுக்காரர்கள் இனி அவர்களே வந்து பிடித்துக்கொள்வார்கள். வரிசையில் நின்று பார்த்தால்தான் அவர்களுக்கும் தெரியும்.

அப்பாவின் பித்தளைச் சொம்பு பரணில் பழைய பேப்பர்க் கட்டுக்குப் பின்னால் கிடந்தது. கழுத்தோரம் ஒரு நசுங்கல் இருக்கிறது. கள்ளந்திரிப் பாலத்தில் சைக்கிள் சாய்ந்தபோது ஆனது. புளி போட்டுத் தேய்த்ததில் அந்த நசுங்கல் மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. வருகிற ஐப்பசியில் அதை எடுத்துக்கொண்டுதான் வருவேன். எனக்குப் பின்னால் நீங்கள் தூக்கோடு நின்றால், முன்னால் போங்கள் என்பேன். எட்டு கேனோடு நின்றால், “வீட்டுல கல்யாணமா?” என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வரிசையில் நிற்கும்
புதூர்க்காரன் ஒருவன்,
மதுரை.